தூர தேசத்துப் பெட்டி

ஆடிக் கடல் அடங்கி ஆவணி பிறந்த வாரத்தில், எங்கள் மிக்கேல்துறைக் கரையில் குத்தவைத்து வாளை மீன் வெட்டிக்கொண்டிருந்த லூர்துபுஷ்பத்தின் பெருவிரலில் கத்தி இறங்கியபோது, வெட்டிலிருந்து தண்ணீர் வந்தது. மீன் கழுவின தண்ணீர் என்றுதான் அவளும் நினைத்தாள். துடைத்தாள், மறுபடி வந்தது, துடைத்தாள், மறுபடி வந்தது, காற்றுப் பட்டதும் அதில் மெல்ல நீலம் பாய்ந்தது, சொட்டு நீலம் போட்டு வேட்டி அலசின வாளியின் கடைசித் தண்ணீர் போல. கொம்பு நீண்ட சிங்கி இறாலின் இரத்தம் அப்படித்தான் இருக்கும் என்று எங்கள் கரையில் எல்லாருக்கும் தெரியும். அவள் விரலைத் தூக்கிப் பிடித்து, "ஏ பிள்ளைகளா, எனக்குச் சிங்கி ரத்தம் வந்திருக்கு, பாருங்கடி" என்று கத்தினாள். பார்க்க வந்தவர்களில் ஒருத்தி சந்தேகம் தீரத் தன் விரலிலும் மீன்முள்ளால் குத்திக்கொண்டாள், அவளுக்கும் அதே தண்ணீர் வந்தது, சாயங்காலம் செபமாலை மணி அடிப்பதற்குள் துறை முழுக்கக் குத்திப் பார்த்து முடித்துவிட்டோம், தொட்டிலில் கிடந்த பிள்ளை முதல் கட்டிலில் கிடந்த கிழவர் வரை ஒருத்தர் உடம்பிலும் சிவப்பு இல்லை.

பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்கள் வந்தார்கள், குழாய் குழாயாக எடுத்துப் போனார்கள், மூச்சு இருக்கிறது, பசி இருக்கிறது, வேறு குறை ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, பிறகு வரவில்லை. கடலுக்குப் போகிற நேரத்துக்குக் கடலுக்குப் போகத்தானே வேண்டும், எங்களுக்கும் அதையே நினைத்துக்கொண்டிருக்க நேரமில்லை. கொசுவை அடித்தால் சுவரில் ஈரம் மட்டும் பட்டுக் காய்ந்தது. சவரக்கடைக்காரர் டென்சன், யார் கன்னத்தைக் கீறினாலும் கீறல் பட்டவருக்கு வீட்டுக்குப் போய்க் கண்ணாடி பார்க்கும் வரை தெரியாததால் கவலையில்லாமல் கத்தி வீசினார். பெண்களுக்குத் துணி துவைக்கிற பாடு பாதியாயிற்று, ஆனால் பிள்ளை வயதுக்கு வந்துவிட்டாளா இல்லையா என்று தாய்மார் பாவாடையை வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்துத் தவித்தார்கள். அடிதடி வழக்கில் போலீஸ்காரர் சட்டையில் கறையைத் தேடி ஏமாந்து போனார். ஞானோபதேச வகுப்பில் ஒரு வாண்டு எழுந்து, "சாமி, சேசுவோட ரத்தம் எந்த நிறம்?" என்று கேட்டபோது, பங்குச் சாமியார், "நமக்காகச் சிந்தினதுதானே, நம்ம நிறம்தான்" என்றார். அதோடு அந்தக் கேள்வியும் அடங்கியது.

அடங்காத ஒன்று இருந்தது. அயலூர்க்காரர்கள் எங்கள் துறையில் பெண் எடுப்பதை நிறுத்தினார்கள். பேசி முடித்த சம்பந்தங்கள்கூட ஒவ்வொன்றாகக் கழன்றன, நாளைக்குப் பிறக்கிற பிள்ளைக்கு மீசைக்குப் பதில் கொம்பு முளைத்தால் என்ன செய்வது என்று ஒரு மாப்பிள்ளை வீட்டார் முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். என் மகள் செர்லினுக்குக் கல்யாண வயது. எனக்கு வியாகுலம் என்று பெயர், வியாகுல மாதா திருநாளில் பிறந்தேன், பெயருக்குத் தக்கபடி கவலைப்படுகிறவள் என்று துறையில் சொல்வார்கள். சொல்லட்டும். என் புருஷன் பனியடிமை போன கடலிலிருந்து கட்டுமரத்தின் ஒரு கட்டை மட்டும் திரும்பி வந்தது. அந்த வருஷம் முழுக்க நான் கரையில் உட்கார்ந்து மண்ணை அள்ளி அள்ளித் தலையில் போட்டு அழுதேன், செர்லின் அழவில்லை, கஞ்சி வைத்தாள், தண்ணீர் பிடித்தாள், என் தலையில் இருந்த மண்ணை அலசிவிட்டாள், எதைச் சொன்னாலும் "சரிம்மா" என்றாள். அன்றிலிருந்து எனக்கு ஒரே நினைப்புதான், இவளைக் கடலுக்குப் போகிறவன் கையில் கொடுக்கக் கூடாது, கடல் இரைகிற சத்தம் எட்டாத இடத்துக்கு இவளை அனுப்பிவிட வேண்டும்.

அப்படி ஒரு சம்பந்தம், எல்லாரும் கழன்று போன அந்தக் காலத்தில், கிழக்குக் கரைப் பக்கமிருந்து வந்தது. பையன் பெயர் ரெமிஜியுஸ், மஸ்கட்டில் கடலை விட்டு உள்ளே தள்ளின இடத்தில் ஏசி மெக்கானிக், கல்யாணம் முடிந்த கையோடு பெண்ணைக் கூட்டிப் போய்விடுவான். "எம் பையனுக்குக் கடலைப் பார்த்தாலே வாந்தி வரும்" என்று அவன் அம்மா குறையாகச் சொன்னபோது நான் மனசுக்குள் மாதாவுக்கு நன்றி சொன்னேன். இரத்தத்தைப் பற்றியும் அந்த அம்மாள் கேட்டாள், நான் மழுப்பவில்லை, அவள் கொஞ்சம் யோசித்து, "அங்கே குளிரூட்டின வீட்டுக்குள்ளதானே இருக்கப் போறா, யாருக்குத் தெரியப் போகுது" என்றாள். செர்லினிடம் சொன்னேன். தையல் மிஷினிலிருந்து தலை நிமிராமல் "சரிம்மா" என்றாள். நான் அன்று ராத்திரி பனியடிமை போன பிறகு முதல் தடவையாக விடிய விடியத் தூங்கினேன்.

நான் வேலை பார்க்கிறது சிங்கிக் கம்பெனியில். வலையில் மாட்டுகிற சிங்கி இறாலை உயிரோடு வாங்கி, தொட்டியில் போட்டு, பிறகு குளிர்ந்த தண்ணீரில் முக்கி மயக்கி, ஈரத்தாளில் சுற்றி, தெர்மாகோல் பெட்டியில் அடுக்கி, விமானத்தில் வெளிநாட்டுக்கு அனுப்புகிற கொட்டகை அது. அங்கே பெட்டி கட்டுகிற பெண்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. சிங்கியை முதுகில் பிடித்துத் தூக்குவோம், வாலை மடக்கி மடக்கிப் படார் படார் என்று அடிக்கிறதைப் பக்கத்து ஊர்ப் பெட்டிக்கு, சென்னைக்கு, பெங்களூருக்கு என்று ஒதுக்குவோம், கால்களைச் சேர்த்துக்கொண்டு, கொம்பை நிமிர்த்திக்கொண்டு, கையில் வைத்த இடத்தில் பேசாமல் இருக்கிறதைத் தூர தேசத்துப் பெட்டிக்கு எடுத்து வைப்போம். அடிக்கிறது அடித்து அடித்தே வழியில் தன்னை முடித்துக்கொள்ளும், அடங்கினது போய்ச் சேரும், இதுதான் எங்கள் கணக்கு. புதுசாக வேலைக்கு வருகிறவளுக்கு நான் சொல்லிக் கொடுக்கிற முதல் பாடமும் இதுதான். தூரத்துக்கு அடங்கினதை எடு.

ஆனால் தூர தேசத்துப் பெட்டிகளைப் போய்ச் சேர்ந்த இடத்தில் திறந்தபோது பாதிக்கு மேல் செத்திருந்ததாகத் தகவல் வந்தது. எங்களுக்குக் காரணம் புரியவில்லை, முதலாளிக்கும் புரியவில்லை, அதனால் தமயந்தி என்ற படித்த பெண்ணை வேலைக்கு வைத்தார், பொள்ளாச்சிப் பக்கத்துப் பிள்ளை, கடலை அதற்கு முன்னால் பார்த்ததே இல்லையாம். அவள் சிங்கியின் கால் முளைக்கிற இடத்தில் இருக்கிற மெல்லிய தோலில் ஊசியைச் செருகி ஒரு சொட்டு எடுப்பாள், கட்டம் கட்டமாகக் கோடு போட்ட சின்னக் கண்ணாடியில் விடுவாள், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துக்கொண்டு இரத்த அணுக்களை எண்ணுவாள். "அணு நிறைய இருந்தா அது தாங்குமுங்க அக்கா. பயந்துபோய், நசுங்கி, மூச்சு முட்டிக் கிடந்ததுக்கு அணு குறைஞ்சு போயிருமுங்க. வெளிய பார்த்தா தெரியாது" என்பாள்.

நாங்கள் அடங்கினது என்று எடுத்து வைத்த பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து எண்ணினாள், எனக்கும் காட்டினாள். வெறும் கட்டங்களாகக் கிடந்தது, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொடி. பிறகு வாலால் என் மணிக்கட்டில் அறைந்து நான் திட்டிக்கொண்டே தூக்கி எறிந்த ஒன்றை எடுத்து எண்ணினாள், கட்டத்துக்குக் கட்டம் நட்சத்திரம் அப்பினது போல இருந்தது.

"அடங்கினது வேற, அடிக்கிற சக்தி போனது வேறங்கக்கா" என்றாள்.

எனக்கு அது பிடிக்கவில்லை. எத்தனை வருஷமாகக் கட்டுகிற கை. ஆனாலும் அவள் சொன்னபடி, அணு குறைந்ததைப் பெட்டியில் வைக்காமல் இருட்டுத் தொட்டியில் போட்டு, மேலே சாக்கு மூடி, யாரும் கை வைக்காமல் விட்டோம். சில தேறின. சில எத்தனை நாள் கிடந்தாலும் தேறவில்லை, அதற்குக் காரணம் கேட்டபோது, "இன்னும் எதையோ பார்த்துப் பயந்துட்டுத்தான் இருக்குதுங்க. தொட்டிக்குள்ள பெரியது ஒண்ணு இருக்கும். இல்லைன்னா நம்ம நடமாட்டம். அதை விலக்காம ஓய்வு மட்டும் கொடுத்தாப் பத்தாது" என்றாள்.

எங்கள் இரத்தமும் சிங்கி இரத்தம் ஆனபிறகு அந்தக் கண்ணாடி சும்மா இருக்குமா? ஒரு நாள் சிங்கியின் முள், என்னோடு பெட்டி கட்டுகிற லூர்துபுஷ்பத்தின் உள்ளங்கையில் ஏறி, சொட்டு கண்ணாடியில் விழ, தமயந்தி பழக்கத்தில் எண்ணிவிட்டாள். கட்டமே தெரியாத அளவு அணு. நாள் முழுக்கப் புருஷனை ஏசி, மாமியாரை ஏசி, வெயிலை ஏசி, ஏசி முடித்ததும் வெற்றிலை போட்டுச் சிரிக்கிறவள் அவள். "பார்த்தியா மைனி, வாய் உள்ளவ உடம்பு" என்று என்னைப் பார்த்துச் சொல்லி, கொட்டகை முழுக்க விரலை ஆட்டிக்கொண்டு நடந்தாள். அடுத்ததாக என்னை உட்கார வைத்தார்கள். என்னுடையது காலியாக இருக்கும், ஊரின் கவலையெல்லாம் என் தலையில்தானே என்று நான் தைரியத்துக்குச் சிலுவை போட்டுக்கொண்டு விரலை நீட்டினேன்.

"உங்களுக்கும் நிறையத்தானுங்க இருக்குது" என்றாள் தமயந்தி.

"எப்படிம்மா? நான் தூங்கியே எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"அதைத்தான் பார்க்கிற ஆள்கிட்ட எல்லாம் சொல்லிடுறீங்களே."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் அவமானமாகவே இருந்தது.

பிறகு தங்கள் அணுவை எண்ணிப் பார்க்கத் துறை மொத்தமும் கொட்டகை வாசலில் வந்து நின்றது. சுறா வேட்டைக்குப் போகிற கிளீட்டஸ், மார்பு கல் போல இருக்கிறவன், அவனுக்கு அணு கைவிரல் மடக்கி எண்ணுகிற அளவுதான் இருந்தது, அவன் மனைவி அன்று முதல் அவன் கடலுக்குப் போகும்போது தூக்குச்சட்டியோடு தண்ணீர் விளிம்பு வரை கூட நடந்தாள், அவனும் வேண்டாமென்று சொல்லவில்லை. சண்டைக்கு வந்தவர்கள் "எனக்கு இப்ப அணு கம்மி, செவ்வாக்கிழமை வா, பேசிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டார்கள், வந்தவர்களும் தலையாட்டிப் போனார்கள், செவ்வாய்க்கிழமை வந்தபோது சண்டை பாதி வற்றியிருந்தது. வட்டிக்காரர்கூட வாசலில் நின்று முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதுண்டு. சாமியார் பிரசங்கத்தில், அணு குறைந்தவர் வீட்டுக்குக் கஞ்சி கொண்டு போகிறவர்கள் கேள்வி கேட்காமல் கொடுத்துவிட்டு வர வேண்டும் என்றார். வெளியில் தெரியாதது ஒன்று உள்ளே இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டதால், கொஞ்ச காலம் எங்கள் துறையில் ஒருவர் முகத்தை ஒருவர் நின்று பார்த்தோம்.

இதற்கிடையில் கோயிலில் செர்லினுக்கு ஓலை வாசிக்கத் தொடங்கினார்கள். எங்கள் வழக்கத்தில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம் என்று சாமியார் பீடத்திலிருந்து வாசிப்பார், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்ல வேண்டும் என்று முடிப்பார், ஒருவரும் சொல்ல மாட்டார்கள், அது ஒரு வாசிப்பு, அவ்வளவுதான். முதல் ஓலை வாசித்தார்கள். இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள் மாப்பிள்ளையின் அம்மா போனில் கூப்பிட்டாள். "உங்க ஊர்ல இரத்தத்தை எண்ணிப் பார்க்கிறாங்களாமே, நம்ம பொண்ணுக்கு எவ்வளவுன்னு கேட்டுச் சொல்லுங்க. சொந்தக்காரங்க வாயை அடைக்கணும்" என்றாள். எனக்கு ஒரு பயமும் இல்லை. சளி என்று படுக்காத பிள்ளை, முகம் சுளிக்காத பிள்ளை. பெருமையாகத்தான் கூட்டிப் போனேன்.

தமயந்தி எண்ணினாள். கண்ணாடியைக் கழுவி, இன்னொரு சொட்டு எடுத்து, மறுபடி எண்ணினாள். செர்லின் பெஞ்சில் கைகளை மடியில் சேர்த்துக்கொண்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, உட்கார வைத்த இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தமயந்தி என்னை வெளியே கூப்பிட்டாள்.

"அக்கா, இவ்வளவு கம்மி அணுவோட ஒரு சிங்கி வந்திருந்தா நான் பெட்டியில வைக்க விடமாட்டேனுங்க."

"கல்யாணம் நெருங்குதுல்ல, கலக்கமா இருக்கும். எல்லாப் பிள்ளைக்கும் இருக்கிறதுதானே?"

"இருக்கலாமுங்க. ஓய்வு கொடுத்துப் பாருங்க."

கொடுத்தேன். எனக்குத் தெரிந்த விதத்தில் கொடுத்தேன். ஜன்னலுக்குச் சாக்கு கட்டினேன், தையல் மிஷினை மூடி வைத்தேன், வீட்டுக்கு வந்தவர்களை வாசலோடு அனுப்பினேன், வேளைக்கு வேளை கஞ்சியும் கூனி இறால் வறுத்ததும் கொண்டு வைத்தேன், நிமிஷத்துக்கு ஒரு தரம் கதவைத் திறந்து, "மக்களே, பயமா இருக்கா? ஏதாவது வேணுமா? என்னத்த நினைச்சிட்டிருக்க?" என்று கேட்டேன். அவள் ஒவ்வொரு தடவையும் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்லம்மா" என்றாள். சனிக்கிழமை காலையில் மறுபடி கூட்டிப் போனேன். அணு இன்னும் குறைந்திருந்தது. கட்டங்கள் வெறுமையாக, துடைத்த தரை போலக் கிடந்தன.

செர்லினை வீட்டுக்கு அனுப்பிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்து பெட்டி கட்டத் தொடங்கினேன். கை தானாக வேலை செய்தது. ஒரு சிங்கியை முதுகில் பிடித்துத் தூக்கினேன், அது கால்களைச் சேர்த்துக்கொண்டு, கொம்பை நிமிர்த்திக்கொண்டு, என் கையில் பேசாமல் இருந்தது. தூர தேசத்துப் பெட்டிக்கு நீண்ட கையை என்னால் கொண்டு போகவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. தொட்டிக்குள் பெரியது ஒன்று இருக்கும் என்று அந்தப் பிள்ளை சொன்னாளே, அது எது என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. வீட்டில் என்னையும் அவளையும் விட்டால் வேறு யார்.

இந்தச் சம்பந்தத்தை விட்டுவிட்டால் இன்னொன்று வராது. எங்கள் துறைப் பெண்களை எடுக்க இனி யார் வருவார்கள். இங்கேயே இருந்தால் கடலுக்குப் போகிறவன் ஒருவன்தான் வாய்ப்பான், அவனும் ஒரு நாள் ஒற்றைக் கட்டையாகத் திரும்பி வருவான், அவளும் மண்ணை அள்ளித் தலையில் போடுவாள், அலசிவிட எனக்குக் கையில் பலம் இருக்காது. இதையெல்லாம் மாதா படத்துக்கு முன்னால் சொல்லிப் பார்த்தேன், லூர்துபுஷ்பத்திடம் சொல்லிப் பார்த்தேன். அவள் ஒரே வார்த்தைதான் சொன்னாள்: "உன் பயத்தை எடுத்து அவளுக்குச் சுத்தி அனுப்பாதே மைனி."

ஞாயிற்றுக்கிழமை பெரிய பூசை. ஜன்னல் வழியாக வெயில் பீடத்தின் மேல் சாய்ந்திருந்தது, விசிறிகள் சுற்றின, கிளீட்டஸ் மனைவியோடு முன் வரிசையில் முழங்காலில் இருந்தான், செர்லின் என் பக்கத்தில் முக்காட்டைக் காதுக்குப் பின்னால் செருகிக்கொண்டு குனிந்திருந்தாள். சாமியார் மூன்றாம் ஓலையை வாசித்தார். மிக்கேல்துறை பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற பனியடிமை, வியாகுலம் இவர்களுடைய மகள் செர்லினுக்கும் என்று தொடங்கி, தடை ஏதும் அறிந்தவர்கள் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்து, அடுத்த தாளைப் புரட்டக் கையை எடுத்தார். நான் எழுந்து நின்றேன்.

முதலில் ஒருவரும் கவனிக்கவில்லை. பிறகு தலைகள் வரிசை வரிசையாகத் திரும்பின.

"என்னம்மா?" என்றார் சாமியார்.

"தடை இருக்கு சாமி."

"யாருக்குத் தடை?"

"எனக்குத்தான். நான்தான் தாய். நான் சொல்லுதேன். பிள்ளைக்கு அணு இல்ல சாமி. அது அடங்கி இருக்குன்னு நினைச்சு நான் தூரத்துப் பெட்டிக்கு எடுத்து வச்சிட்டேன். அது அடங்கி இல்ல."

சாமியார் கண்ணாடியைக் கழற்றினார். திருச்சபைச் சட்டத்தில் அப்படி ஒரு தடை இல்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியாமல் இல்லை. அவர் தாளைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், ஒருவர் முகத்தை ஒருவர் நின்று பார்க்கப் பழகிப்போன அந்தக் கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. "சரி, இருக்கட்டும். பிள்ளையிடம் நான் தனியாகக் கேட்கிறேன்" என்று தாளை மடித்து அங்கியின் பைக்குள் வைத்துக்கொண்டார். செர்லின் எழுந்தாள். என்னைத் தாண்டி, வரிசையைத் தாண்டி, செருப்பைக்கூடப் போடாமல் வெளியே போனாள்.

நான் ஓடினேன். கரை மணல் அப்போதே சுட்டது. வள்ளங்கள் கவிழ்த்து வைத்த இடத்தில் அவளை எட்டி, தோளில் கை வைக்கப் போனபோது அவள் திரும்பினாள், திரும்பின வேகத்தில் முக்காடு பறந்து போய் வலையில் சிக்கியது, அதை எடுக்கக்கூட அவள் நிற்கவில்லை.

"யாரைக் கேட்டு எந்திரிச்ச? சொல்லு, யாரைக் கேட்டு எந்திரிச்ச? பேசி முடிக்கும்போதும் என்கிட்ட கேக்கல, முறிக்கும்போதும் என்கிட்ட கேக்கல. ஊரு முன்னால எனக்கு ரத்தம் இல்லன்னு சொல்லுற. உனக்கு ஒரு பயம் வந்தா நான் மஸ்கட்டுக்குப் போகணும், இன்னொரு பயம் வந்தா இங்கே கிடக்கணும். அப்பா போனப்ப நீ அழுது முடிக்கட்டும்னு இருந்தேன், நீ முடிக்கவே இல்ல. என் அழுகைக்கு எப்ப இடம் விட்ட நீ? எப்ப விட்ட?"

நான் வாயைத் திறந்தேன். பதில் நிறைய இருந்தது, பதிலுக்கு எனக்குக் குறைவே இருந்ததில்லை. மூடிக்கொண்டேன். அவள் அழுதாள், அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே கவிழ்ந்த வள்ளத்தின் அடியில் உள்ளங்கையால் படார் படார் என்று அறைந்தாள், அந்தச் சத்தம் கரை முழுக்கக் கேட்டது. கை ஓரத்தில் சிராய்த்து, நிறமில்லாத ஈரம் மரத்தில் பட்டு, வெயிலில் மெல்ல நீலம் பாய்ந்தது.

கோயிலிலிருந்து வந்த பெண்கள் கொஞ்சம் தள்ளி நின்றுவிட்டார்கள். லூர்துபுஷ்பம் மட்டும் என் அருகில் வந்தாள், தாழ்ந்த குரலில் சொன்னாள்: "மைனி, பிள்ளை வாலடிக்குது."

செர்லின் வள்ளத்தை விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள், நாலு எட்டுக்கு ஒரு தரம் திரும்பி நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து என்னை ஏசினாள். நான் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, அவள் நிழல் என் காலில் படாத தூரத்தில், ஒரு வார்த்தையையும் தவற விடாமல் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தேன்.